பென்ஹர்: மன்னிப்பு முதலில் வந்ததா, நோய் குணமானது முதலில் வந்ததா?

பழஞ்சுருள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வில்லியம் வைலர் இயக்கிய 1959ஆம் ஆண்டின் ‘பென்ஹர்’ படத்தைச் சென்ற வாரம் முன்னிசை, இடைவேளை எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே அமர்வில் மறுபடியும் பார்த்தேன். தேர்ப் பந்தயத்தைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்கவில்லை. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பந்தயம் முடிந்து, நாயகன் யூதா பென்ஹரின் குடும்பத்தை அழித்த பழைய நண்பனான ரோமானியன் மெசாலா இறந்த பிறகும் படம் நெடுநேரம் நீள்கிறது. பலருக்கு அந்தப் பகுதி சலிப்பூட்டுகிறது. எனக்கோ அந்தப் பகுதிக்காகத்தான் இந்தப் படமே எடுக்கப்பட்டது என்று தோன்றும். எதிரி வீழ்ந்த பின்னும் யூதாவின் நெஞ்சில் வெறுப்பு அணையவில்லை என்பதைக் காட்டிய துணிச்சல் சாதாரணமானது அல்ல. பழிவாங்கும் கதைகள் வழக்கமாக முடியும் இடத்தில் இந்தக் கதை தன் உண்மையான கேள்வியைக் கேட்கத் தொடங்குகிறது.

என் நெருடல் அதற்கும் பிறகு வருகிறது. சிலுவையில் இயேசு இறக்கிறார். இடி இடித்துப் பெருமழை கொட்டுகிறது. குகையில் ஒதுங்கியிருந்த யூதாவின் தாய் மிரியாமும் தங்கை திர்சாவும் தொழுநோய் நீங்கிப் பழைய முகத்தோடு எழுகிறார்கள். யூதா வாளை விட்டுவிட்டேன் என்கிறான், குடும்பம் ஒன்று சேர்கிறது, படம் முடிகிறது. சிறுவயதில் இதைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் இந்த வயதில் பார்க்கும்போது, அந்த மன்னிப்புக்கு உடனடியாகக் கூலி கொடுத்துவிட்டார்களே என்று மனம் குறைப்படுகிறது. தாயும் தங்கையும் குணமாகாமல் இருந்திருந்தால் அவன் மன்னித்திருப்பானா என்ற கேள்வியை எழுப்பவே படம் இடம் தரவில்லை.

இதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1953இல், சினிமாஸ்கோப் முறையில் வெளியான முதல் படமான ‘தி ரோப்’ இந்த ஓர் இடத்தில் மட்டும் இதைவிட நேர்மையானது என்று நினைக்கிறேன். படமாகப் பார்த்தால் அது பென்ஹரின் தரத்துக்கு அருகில் வராது. நடிகர்களை அகலத் திரையில் வரிசையாக நிற்கவைத்து வசனம் பேசவைத்திருப்பார்கள். ஆனால் அதில் கானா ஊரில் கால் செயலிழந்த மிரியாம் என்ற பெண் ஒருத்தி வருகிறாள். சிலுவையில் அறையும் பணியை முன்னின்று முடித்து, சிலுவையடியில் சூதாடி இயேசுவின் அங்கியை வென்று, அதன் பிறகு சித்தம் கலங்கித் திரியும் ரோமானியன் மார்செல்லஸ் அவளிடம் வெளிப்படையாகவே கேட்கிறான்: அத்தனை வல்லமை உள்ளவர் என்றால் உன்னை ஏன் நடக்கவைக்கவில்லை? அவள் தரும் விடையின் சாரம் இது. உடலைக் குணமாக்கியிருந்தால் நான் சிரிப்பதிலும் பாடுவதிலும் வியப்பு ஒன்றும் இருந்திருக்காது. என்னைப் போன்ற மற்றவர்களுக்காகவே அவர் என்னை இப்படியே விட்டுச் சென்றார். மார்செல்லசின் மனம் அசையத் தொடங்குவது அற்புதத்தைக் கண்டதால் அல்ல, நடக்காமல் போன அற்புதத்தின் எதிரே அமர்ந்திருந்ததால்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கடலோரவாசி

ஐயா, நல்ல கேள்வி. ஆனால் நான் உடன்படவில்லை. எங்கள் கத்தோலிக்க வழக்கில் ‘மீட்பு’ என்போம், சீர்திருத்தச் சபையார் ‘இரட்சிப்பு’ என்பார்கள். மீட்பு என்ற சொல்லை நாம் வேறு எங்கே சொல்கிறோம்? அடகு வைத்த நகையை மீட்கிறோம், கைவிட்டுப் போன நிலத்தை மீட்கிறோம். அதாவது, பறிபோனது கைக்குத் திரும்பி வரவேண்டும். வெறும் மன அமைதி மட்டும் கிடைத்தால் அதற்கு ஆறுதல் என்று பெயர் சொல்லலாம். மீட்பு என்று சொல்வதற்கு ஏதோ ஒன்று உடலும் உருவுமாக வாசற்படி ஏறி வரவேண்டும் அல்லவா? யூதாவிடமிருந்து ரோம் பறித்தது அவனுடைய தாயையும் தங்கையையும் வீட்டையும். அவை திரும்பி வருவதைக் கூலி என்று கொச்சைப்படுத்த வேண்டாம்.

மேலும், இந்தப் படம் அற்புதத்தைத் திடீரென்று மேலிருந்து இறக்கவில்லை. தண்ணீரைத் தொடர்ந்து கவனித்துப் பாருங்கள். கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையாகச் சங்கிலியில் இழுத்துச் செல்லப்படும் யூதா நாசரேத்தில் விழுகிறான். அவனுக்கு மட்டும் தண்ணீர் கிடையாது என்று ரோமானிய அதிகாரி கட்டளையிட்டிருக்கிறான். ஒரு கை வந்து தலையை நனைக்கிறது, சுரைக் குடுவையை உதட்டில் வைக்கிறது. அதிகாரி சாட்டையோடு வருகிறான், குனிந்திருந்தவர் நிமிர்ந்து நிற்கிறார், நாம் அவருடைய முதுகை மட்டுமே காண்கிறோம், அதிகாரியின் முகம் தடுமாறுகிறது, திரும்பி நடக்கிறான், மறுபடியும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். பல ஆண்டுகள் கழித்து இயேசுவின் மலைப்பொழிவு என்ற உபதேசம் நடக்கும் இடத்தின் அருகே ஓடையில் நீர் அருந்தும் யூதா, அன்று அந்தத் தண்ணீரை மணலில் ஊற்றியிருந்தாலே நன்றாயிருந்திருக்கும் என்றும், தாகம் இன்னும் தீரவில்லை என்றும் சொல்லிவிட்டு, உபதேசம் கேட்காமலே போகிறான். பிறகு சிலுவை சுமந்து விழுபவருக்கு அவனே தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கடைசியில் சிலுவையடியில் தேங்கும் நீரில் இரத்தம் கலந்து, அந்த நீர் ஓடையாகப் பெருகி வழிகிறது. தாயும் தங்கையும் நலம் பெறும் மழை அதே தண்ணீர்தான். குடுவையில் தொடங்கியது மழையில் வந்து முடிகிறது.

ஒலிப்பேழை

நாசரேத்துக் காட்சியைப் பற்றி ஓர் இசைக் குறிப்பு மட்டும் சேர்க்கிறேன். மிக்லோஷ் ரோஷா இந்தப் படம் முழுவதும் பித்தளைக் கருவிகளையும் முரசுகளையும் அள்ளி இறைத்திருக்கிறார். ரோம் வரும்போதெல்லாம் ஊதுகொம்புகள் முழங்கும். ஆனால் கிறிஸ்து வரும் இடங்களுக்கு ஆர்கன் ஒலியைத் தனியே ஒதுக்கி வைத்தார். அந்தக் கதாபாத்திரத்துக்கு முகம் இல்லை. நடித்தவர் கிளாட் ஹீட்டர் என்ற ஓப்பரா பாடகர், எனினும் அவருடைய குரல் ஓரிடத்திலும் ஒலிக்காது. முகத்தையும் குரலையும் எடுத்துவிட்ட பிறகு எஞ்சுவது அந்த ஆர்கனும், எதிரே நிற்பவர்களின் முகங்களும்தான்.

பழஞ்சுருள் ஐயாவின் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று கருதுகிறேன். ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே’ என்ற வாக்கியத்தைப் படத்தில் நாம் சிலுவையிலிருந்து கேட்பதில்லை. யூதா வீட்டுக்கு வந்து, தன்னை நேசிக்கும் எஸ்தரிடம் சொல்லும்போதுதான் கேட்கிறோம். நமக்குக் கிடைப்பது சாட்சி மட்டுமே. நம்புவதும் நம்பாததும் அவனுடைய முகத்தைப் பார்த்து நாம் முடிவு செய்ய வேண்டியது. 1961இல் வந்த ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ படத்தில் ஜெஃப்ரி ஹண்டரின் முகத்தை அண்மைக் காட்சிகளில் கண் நிறையக் காட்டினார்கள். அதே ரோஷாதான் அதற்கும் இசை. இருந்தும் எனக்கு அந்த முகம் ஒரு நடிகரின் முகமாகவே கடைசிவரை நின்றது.

வினாக்குறி

நான் நம்பிக்கை இல்லாதவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் இந்தப் படங்களை மரியாதையோடு பார்ப்பவன்.

மீட்பைப் பற்றிய நேர்மை என்று வந்தால் நான் முன்வைப்பது ரிச்சர்ட் ஃப்ளெய்ஷரின் 1961ஆம் ஆண்டுப் படமான ‘பராபாஸ்’. ஸ்வீடன் எழுத்தாளர் பேர் லாகர்க்விஸ்ட் 1950இல் எழுதிய சிறிய நாவல் அதன் மூலம். மறு ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இயேசுவுக்குப் பதிலாக விடுதலை பெற்ற கொள்ளைக்காரன் பராபாஸ் மீதி வாழ்நாளை எப்படிக் கழித்தான் என்பதுதான் கதை. உலகமே மீட்கப்பட்டது என்று மற்றவர்கள் உருவகமாகச் சொல்கிறார்கள். இவன் ஒருவன்தான் சொல்லுக்குச் சொல் உண்மையாக இன்னொருவரின் சாவால் உயிர் பிழைத்தவன். அந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சிலுவைக் காட்சியை 1961 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது படமாக்கினார்கள். சிலுவைக்குப் பின்னால் பகல் உண்மையாகவே அணைந்து போகிறது. எந்தத் தந்திரக் காட்சியும் தர முடியாத ஒரு சாம்பல் ஒளி அதில் இருக்கிறது. ஆனால் அந்த இருட்டைக் கண்ட பராபாசுக்கு நம்பிக்கை பிறப்பதில்லை. சிறையிலிருந்து வந்த என் கண்தான் மங்கியதோ என்று ஐயப்படுகிறான். சாவிலிருந்து எழுந்த லாசருவை நேரில் சந்தித்தும் அவனுக்குத் தெளிவு கிடைப்பதில்லை. சிசிலியின் கந்தகச் சுரங்கத்தில் பல ஆண்டுகள் அடிமையாகக் கிடக்கிறான். ரோம் தீப்பற்றி எரியும்போது, இதோ அவருடைய அரசு வந்துவிட்டது என்று எண்ணித் தானும் கொள்ளியை எடுத்து வீசுகிறான். வாழ்நாளில் ஒருமுறை நம்பிச் செய்த காரியமும் தவறாகப் போகிறது. கடைசியில் அவனையும் சிலுவையில் அறைகிறார்கள். இருளைப் பார்த்து உன்னிடம் என்னை ஒப்படைக்கிறேன் என்கிறான். நாவலிலும் சரி, படத்திலும் சரி, அவன் பேசியது இறைவனிடமா, இருட்டிடமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆந்தனி குவின் அந்த வரியைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு விவசாயியின் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

பென்ஹரில் விடை உண்டு. ‘தி ரோப்’ படத்தில் விடைக்கு ஒரு விளக்கமும் உண்டு. பராபாசில் இரண்டும் இல்லை. மூன்றில் எனக்கு நெருக்கமானது மூன்றாவதுதான்.

செம்மண்

எல்லோரும் புதிய ஏற்பாட்டுப் பக்கமே நிற்கிறீர்கள். செசில் பி. டெமில் மோசேயின் கதையாக 1956இல் எடுத்த ‘டென் கமாண்ட்மெண்ட்ஸ்’ படத்தில் மீட்பு என்பது ஒரு தனி மனிதனின் மனமாற்றமே இல்லை. ஒரு மக்கள் கூட்டம் செங்கற்சூளையிலிருந்து நடந்தே வெளியேறுவது. கடலோரவாசி சொன்ன நகை, நிலம் என்ற பொருளுக்கு அதுவே மிக நெருக்கம். டெமில் திரைச்சீலைக்கு முன்னால் தாமே வந்து நின்று, மனிதர்கள் அரசின் உடைமையா அல்லது இறைவனின் கீழ்ச் சுதந்திரமான ஆன்மாக்களா என்று கேட்டுவிட்டுத்தான் படத்தைத் தொடங்குகிறார். பனிப்போர்க் காலத்தில் அந்தக் கேள்வி யாரைக் குறிவைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கடல் பிளப்பதை நூறு முறை பேசியாகிவிட்டது. எனக்கு நினைவில் நிற்பது புறப்பாட்டுக் காட்சியில் கிழவர்களும் வாத்துகளும் கழுதைகளும் பிள்ளைகளுமாக அந்தக் கூட்டம் எகிப்தின் வாயிலைத் தாண்டி வருவதுதான்.

திரைக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அதில் மோசேயை எதிர்க்கும் தாத்தான் என்ற பாத்திரமாக நடித்த எட்வர்ட் ஜி. ராபின்சன், கம்யூனிச ஆதரவாளர் என்ற சந்தேக வலையில் சிக்கிப் பெரிய படங்களின் வாய்ப்பை இழந்திருந்தவர். கம்யூனிச எதிர்ப்பில் முன்னணியில் நின்ற டெமிலே அவரை அழைத்து அந்த வேடத்தைத் தந்தார். தன் மதிப்பை மீட்டுத் தந்தவர் அவர் என்று ராபின்சன் பின்னாளில் நன்றியோடு எழுதினார். ‘தி ரோப்’ திரைக்கதையில் பங்காற்றிய ஆல்பர்ட் மால்ட்சுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. கம்யூனிஸ்டுகள் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்தவர்களின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவர் பெயரையே படத்தில் போடவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகுதான் அந்த உரிமை அவருக்குத் திரும்பியது. மன்னிப்பைப் பற்றிப் படம் எடுத்த ஊரில் மன்னிப்பு அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை.

வெட்டும் ஒட்டும்

நான் படத்தொகுப்பில் வேலை செய்பவன். அதனால் ஒரு காட்சிக்குப் பின் எந்தக் காட்சி வருகிறது என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் படும். பழஞ்சுருள் ஐயா தன் முதல் பதிவில் ஓரிடத்தைக் கவனிக்கத் தவறிவிட்டார் என்று பணிவோடு சொல்ல விரும்புகிறேன்.

சிலுவையடியில் யூதா நிற்கிறான். தாயும் தங்கையும் எஸ்தருடன் வேறிடத்தில், குகையில் இருக்கிறார்கள். அவர்கள் குணமானதை நாம் பார்க்கிறோம், எஸ்தர் பார்க்கிறாள், யூதா பார்க்கவில்லை. அவன் மழையில் நனைந்து தன் வீட்டு முற்றத்துக்குத் திரும்பும்போது, தாயும் தங்கையும் இன்னும் நோயாளிகள் என்ற எண்ணத்தோடுதான் வருகிறான். எஸ்தரிடம் அந்த மன்னிப்பு வார்த்தைகளைச் சொல்கிறான். அந்த வேளையிலுமா என்று அவள் கேட்கிறாள். ஆம், அந்த வேளையிலும்தான், அவருடைய குரல் என் கையிலிருந்த வாளை எடுத்துக்கொண்டதை உணர்ந்தேன் என்கிறான். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் படிக்கட்டில் நிற்கும் இருவரையும் காண்கிறான். ஆகவே, தாயும் தங்கையும் குணமாகாமல் இருந்திருந்தாலும் அவன் மன்னித்திருப்பானா என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? படத்தின்படி அவர்கள் குணமானது தெரியாமலேதான் அவன் மன்னித்திருக்கிறான்.

இது தற்செயலாக அமைந்தது என்று நான் கருதவில்லை. லூ வாலஸ் 1880இல் வெளியிட்ட மூல நாவலில் வரிசை வேறு. அங்கே இயேசு எருசலேமுக்குள் பவனியாக நுழையும் நாளிலேயே தாயும் தங்கையும் குணமடைகிறார்கள், பென்ஹரும் அங்கே இருக்கிறான். சிலுவை அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த வரிசையில் பார்த்தால் உங்கள் குறை முற்றிலும் நியாயம். 1959ஆம் ஆண்டுத் திரைக்கதை அதை மாற்றியிருக்கிறது. திரையில் கார்ல் டன்பர்க் பெயர் மட்டுமே வந்தாலும், படப்பிடிப்பில் வைலருக்கு அருகிலேயே இருந்து வசனங்களைத் திருத்தி எழுதியவர் ஆங்கிலக் கவிதை நாடக ஆசிரியர் கிறிஸ்டோஃபர் ஃப்ரை. பன்னிரண்டு ஆஸ்கர் பரிந்துரைகளில் பதினொன்றை வென்ற படம் தோற்ற ஒரே பிரிவு திரைக்கதை என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். வரிசையை மாற்றியது யாருடைய கை என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் வினாக்குறி அவர்கள் கவனத்துக்கு ஒன்று: பராபாசின் திரைக்கதையில் பெயர் உள்ளவரும் அதே ஃப்ரைதான். விடை தந்த படத்திலும் விடை தராத படத்திலும் ஒரே எழுத்தாளர் உழைத்திருக்கிறார்.

பழஞ்சுருள்

நண்பரே, உங்கள் பதிவைப் படித்தவுடன் இரவோடு இரவாக அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. இத்தனை முறை பார்த்தும் இது என் கண்ணில் படவில்லையே என்று எனக்கு வியப்பும் வருத்தமுமாக இருக்கிறது. குணமானதை நான் முன்னரே பார்த்துவிட்டதால், அவனுக்கும் தெரியும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிட்டது. யூதாவைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு பாதி இன்னும் மீதி இருக்கிறது. அவன் அறியாமல் மன்னித்தான், சரி. நாமோ அறிந்துகொண்டுதான் அந்த மன்னிப்பைக் கேட்கிறோம். முற்றத்துக் காட்சியை முதலில் வைத்துக் குகைக் காட்சியைக் காட்டாமலே விட்டிருந்தால், வாள் கைவிட்டுப் போன அந்த ஒரு நொடியில் நாமும் அவனோடு இருட்டில் நின்றிருப்போம். வைலர் அவனைச் சோதித்தார், பார்வையாளரைச் சோதிக்கவில்லை.

எஸ்தர் முன்பே அவனிடம் சொன்ன ஒரு சொல்லையும் இந்த முறைதான் சரியாக வாங்கிக்கொண்டேன். மலைப்பொழிவைக் கேட்டுவிட்டு வந்து, இரக்கமுள்ளவர்கள் பேறுபெற்றவர்கள் என்று சொல்லிப் பார்த்தும் அவன் இறங்கி வராதபோது, நீயே மெசாலா ஆகிவிட்டதுபோல் இருக்கிறது என்கிறாள். அவனைப் பிடித்த நோய்க்கு அவள் வைத்த பெயர் அது.

செவிலித்தாய்

இந்த மன்றத்தில் இதுவரை படிப்பதோடு நின்றவள் நான். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் செவிலியாக முப்பது ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ள ‘குஷ்டரோகம்’ என்ற சொல் பலவகைத் தோல் நோய்களுக்குப் பொதுவாக வந்த ஓர் எபிரேயச் சொல்லின் பெயர்ப்பு. இன்று நாம் தொழுநோய் என்று அறிவது ஒரு கிருமியால் வருவது. அந்தக் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அது நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. விரல்கள் குறைவது அப்படி ஏற்படும் புண்களால்தான். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலிருந்து மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் திறக்கவைத்தவர். கைகால் அழிவுக்கு அடிப்படைக் காரணம் உணர்ச்சியின்மை என்று உலகுக்கு நிறுவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பென்ஹர் வெளியான 1959இலேயே டாப்சோன் மாத்திரை புழக்கத்தில் இருந்தது. 1980களில் வந்த கூட்டு மருந்து முறையில் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ நோய் முற்றிலும் நீங்கிவிடுகிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும் படங்களில் இந்த நோய் தெய்வத் தண்டனைபோலவும், மின்னல் வெட்டினால்தான் தீரும் என்பதுபோலவும் காட்டப்படுவது எனக்குப் பெரிய வேதனை. எங்கள் வார்டில் இருந்தவர்கள் அப்படிப்பட்ட காட்சிகள் வரும்போது எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் பென்ஹரில் ஒரு காட்சிக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். நோயாளிகள் ஒதுக்கப்பட்ட பள்ளத்தாக்குக்குள் யூதா இறங்குகிறான். தாய் வேண்டாம், அருகில் வராதே என்கிறாள். திர்சா சாகும் தறுவாயில் கிடக்கிறாள் என்று தெரிந்ததும் உள்ளே போய் அவளை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். நகரத்துக்குள் போகும்போது பார்வையற்ற யாசகர் ஒருவரின் கிண்ணத்தில் காசு போடுகிறான். தொழுநோயாளிகள் என்று யாரோ கத்துகிறார்கள். அவர் அந்தக் காசைக் கீழே கொட்டிவிடுகிறார். அந்தக் காசு கல்லில் விழுவதை நான் பலமுறை வெளியில் பார்த்திருக்கிறேன். எங்கள் நோயாளிகள் தந்த பேருந்துக் கட்டணத்தைக் கையில் வாங்காமல் இருக்கையில் வைக்கச் சொன்ன நடத்துனர்கள் உண்டு.

பழஞ்சுருள் ஐயா, மழையும் மின்னலும் வருவதற்கு முன்பே அவன் அவளைத் தூக்கிவிட்டான். நீங்கள் தேடுவது வாளைக் கீழே போடும் இடத்தையா? அந்தக் கை காலியாவதற்கு முன்பே ஒருமுறை நிறைந்திருந்தது.

கடலோரவாசி

அம்மா, மலைப்பொழிவிலிருந்து விலகி நடந்தவனை அங்கே இறக்கியது எது என்று இப்போது யோசிக்கிறேன். அந்த வேளையில் அவனிடம் நம்பிக்கை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. எஸ்தர்தான் இயேசுவிடம் அவர்களைக் கொண்டுபோகலாம் என்று கெஞ்சுகிறாள். அவன் அதையும் முழுமனதோடு நம்பிப் போகவில்லை. போய்ச் சேரும்போது விசாரணையே முடிந்துவிட்டிருக்கிறது. உதவி கேட்கப் போனவரே குற்றவாளியாக நிற்கிறார்.

வினாக்குறி

செவிலித்தாய் அம்மாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் பராபாசை உயர்த்திப் பிடித்ததற்குக் காரணம் அவனுக்கு விடை கிடைக்காததுதான் என்று எழுதினேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அவனுக்கு இல்லாமல் போனது தூக்கிச் சுமக்க ஒருவர் என்று தோன்றுகிறது. நாவலில் ஓரிடம் வரும்: கல்லெறிந்து கொல்லப்பட்ட பெண்ணின் உடலை இரவில் எடுத்துச் சுமந்து பாலைவனத்தில் நெடுந்தொலைவு நடந்து, இறந்து பிறந்த அவளுடைய குழந்தையின் குழிக்கருகில் அடக்கம் செய்கிறான். ஏன் செய்கிறான் என்று அவனுக்கே தெரியாது. நான் அந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்திருக்கிறேன். அது என் தவறு.

அம்மா, ஒன்று கேட்கலாமா? குணமானவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்களா? படிக்கட்டில் நின்ற அந்த இருவரைப் போல?

செவிலித்தாய்

கேளுங்கள் தம்பி, தவறில்லை. பெரும்பாலோர் திரும்பவில்லை. நோய் தீர்ந்தது என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்போம். அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு எங்கள் வளாகத்திலேயே நெசவோ கோழி வளர்ப்போ கற்றுக்கொண்டு தங்கிவிடுவார்கள். சொந்த ஊருக்குக் கடிதம் போடுவோம், பதில் வராது.

ஒருத்தியை மட்டும் சொல்கிறேன். பதினோரு ஆண்டுகள் எங்களோடு இருந்தாள். ஒரு நாள் மாலை அவளுடைய அண்ணன் பேருந்தில் வந்து இறங்கினார். வாசலில் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். கையில் புதுச் சேலை ஒன்று காகிதச் சுற்றோடு இருந்தது. அவள் துணி மூட்டையோடு வந்தாள், இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. சேலையை அவர் திண்ணைமேல் வைத்தார், அவள் கையில் கொடுக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது. பேருந்து வரும் சத்தம் கேட்டது. அவர் குனிந்து மூட்டையை வாங்கிக்கொண்டார். சாலை ஏறும் இடத்தில் மேடு, அவளுக்குப் பாதத்தில் உணர்ச்சி கிடையாது, கல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் வைப்பாள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மூட்டையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை அவளிடம் நீட்டினார்.